மீன் முகர்கிறதா, மணக்கிறதா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழகியிருக்கும். படகுகள் கரை சேர்ந்ததும் ஏலம் தொடங்குகிறது. கூடையோடு வந்த ஓர் அம்மா உடனே விலை கேட்பதில்லை. ஒரு வஞ்சிரத்தைக் கையில் எடுக்கிறார். செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். மூக்கருகே கொண்டு போகிறார். அதன் பிறகே பேரம் தொடங்குகிறது.

இந்தக் காட்சியை ஆங்கிலத்தில் இரண்டு சிறிய வாக்கியங்களாக எழுதுவோம்.

'தி உமன் ஸ்மெல்ஸ் தி ஃபிஷ்.' – அந்தப் பெண் மீனை முகர்கிறார்.

'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் ஃப்ரெஷ்.' – மீனின் மணம் புதியதாக இருக்கிறது.

இரண்டிலும் வினைச்சொல் ஒன்றுதான்: 'ஸ்மெல்ஸ்'. முதல் வாக்கியத்தில் அந்த அம்மா ஒரு செயலைச் செய்கிறார். இரண்டாவது வாக்கியத்தில் மீன் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. கடலில் நீந்தும் சுறா முகரும். இரையை மோப்பம் பிடித்துத் தேடிப் போகும். கூடையில் கிடக்கும் வஞ்சிரம் எதையும் முகரவில்லை. அதன் நிலை எப்படி என்று மட்டுமே அந்த வாக்கியம் கூறுகிறது.

ஆங்கில இலக்கணம் முதல் வகையைச் செயல் வினை என்கிறது. இரண்டாம் வகைக்கு இணைப்பு வினை என்று பெயர். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? தமிழ் பேசும் நமக்கு இதில் ஏன் தடுமாற்றம் வருகிறது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எஞ்சினும் கொக்கியும்

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரம் நிலையத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை சென்றது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே நின்று ஒரு ரயிலை உற்றுப் பாருங்கள். எஞ்சின் இழுக்கிறது, அது வேலை செய்கிறது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள கொக்கியோ எதையும் தானாக இழுப்பதில்லை. இந்தப் பெட்டியை அந்தப் பெட்டியோடு சேர்த்து வைப்பதே அதன் பணி.

செயல் வினை எஞ்சினைப் போன்றது. 'தி க்ரேன் லிஃப்ட்ஸ் தி கண்டெய்னர்' என்னும்போது பளுதூக்கி ஒரு வேலை செய்கிறது. அந்த வேலை கண்டெய்னர் மீது நிகழ்கிறது. செயல் எப்போதும் மற்றொரு பொருளின் மீதே நிகழ வேண்டும் என்பதில்லை. 'தி பாய் ரன்ஸ்' – பையன் ஓடுகிறான். இங்கே செயப்படுபொருள் இல்லை. ஆயினும் ஓடுதல் செயல்தான்.

இணைப்பு வினை கொக்கியைப் போன்றது. 'தி க்ரேன் இஸ் டால்' – பளுதூக்கி உயரமானது. இங்கே 'இஸ்' என்ற சொல்லின் இடப்புறம் எழுவாய். வலப்புறம் அதன் பண்பு. இரண்டையும் அது சேர்த்து வைக்கிறது. 'மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன்' என்பதில் பண்புக்குப் பதிலாகப் பெயர் வருகிறது. கொக்கியின் வேலை மாறவில்லை. கணிதம் விரும்பும் மாணவர்கள் இதைச் சமன்பாட்டில் வரும் சமக்குறியாக நினைத்துக்கொள்ளலாம்.

'இஸ்', 'ஆம்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' ஆகியவை இணைப்பு வினைகளுள் முதன்மையானவை. ஆனால் ஒரு எச்சரிக்கை. 'தி கேர்ள்ஸ் ஆர் மென்டிங் நெட்ஸ்' – பெண்கள் வலை பின்னிச் சரிசெய்கிறார்கள் – என்ற வாக்கியத்தில் 'ஆர்' கொக்கி அன்று. அங்கே அது துணை வினை. முதன்மை வினை 'மென்டிங்'. ஆகவே 'இஸ்' அல்லது 'ஆர்' கண்ணில் பட்டவுடன் இணைப்பு வினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தமிழில் கொக்கி எங்கே?

'இது காசிமேடு.' 'என் அப்பா மீனவர்.' இவை முழுமையான தமிழ் வாக்கியங்கள். இவற்றில் வினைச்சொல் இருக்கிறதா? இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. இதைத்தான் தமிழ் வகுப்பில் பெயர்ப் பயனிலை என்று படிக்கிறோம். எழுவாய் வினையைக் கொண்டும் முடியலாம், பண்பைக் கொண்டும் முடியலாம், பெயரைக் கொண்டும் முடியலாம் என்பதைத் தொல்காப்பியம் அன்றே வகுத்துக் காட்டியிருக்கிறது.

தமிழில் வினைக்குள்ளும் இரண்டு வகை உண்டு. காலத்தையும் செயலையும் வெளிப்படையாகக் காட்டுவது தெரிநிலை வினை: 'வந்தான்'. பண்பு, இடம் முதலியவற்றின் அடியாகப் பிறந்து காலத்தைக் குறிப்பாக உணர்த்துவது குறிப்பு வினை: 'அவன் நல்லன்', 'அது பெரிது'. செய்வதை ஒரு பக்கமும் இருக்கும் நிலையை மறுபக்கமும் வைத்துப் பார்க்கும் பார்வை நம் இலக்கணத்துக்குப் புதியதன்று என்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் இரு மொழிகளும் ஒரே முறையில் அதைச் செய்யவில்லை.

கொக்கி இல்லாமலே தமிழ் ரயில் ஓடுகிறது. எனவே தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் 'மை ஃபாதர் எ ஃபிஷர்மேன்' என்று எழுதிவிடுகிறார். நம்மைப் போலவே ரஷ்ய மொழி பேசுவோரும் அரபு மொழி பேசுவோரும் நிகழ்காலத்தில் இந்தக் கொக்கியைப் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலம் கற்கும்போது அவர்களுக்கும் இதே இடத்தில் சறுக்கல் ஏற்படுகிறது. இது அறிவுக் குறைவு அன்று, தாய்மொழியின் பழக்கம்.

தவற்றைத் திருத்தியதும் சிலர் மறுகரைக்குப் போய்விடுகிறார்கள். எல்லா இடத்திலும் 'இஸ்', 'ஆம்' சேர்க்கத் தொடங்குகிறார்கள். 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்ற வாக்கியம் பிறப்பது இப்படித்தான். எஞ்சின் இருக்கும் இடத்தில் கொக்கியையும் கொண்டு வந்து வைத்தால் ரயில் ஓடுமா?

இரட்டை வேடம் போடும் வினைகள்

'இஸ்', 'ஆர்' மட்டும் இருந்திருந்தால் சிக்கல் சிறியதே. சில வினைகள் ஒரு வாக்கியத்தில் எஞ்சினாகவும் மறு வாக்கியத்தில் கொக்கியாகவும் வருகின்றன. புலன்களைச் சார்ந்த வினைகள் இதில் முன்னணியில் நிற்கின்றன.

நாக்கு: 'தி குக் டேஸ்டட் தி சூப்' – சமையல்காரர் சூப்பைச் சுவைத்துப் பார்த்தார். 'தி சூப் டேஸ்டட் சால்ட்டி' – சூப் உப்பாக இருந்தது.

கை: 'தி டாக்டர் ஃபெல்ட் தி பல்ஸ்' – மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார். 'தி ரோப் ஃபெல்ட் ரஃப்' – கயிறு சொரசொரப்பாக இருந்தது.

கண்: 'வி லுக்ட் அட் தி ஷிப்' – நாங்கள் கப்பலைப் பார்த்தோம். 'தி ஷிப் லுக்ட் ஓல்ட்' – கப்பல் பழையதாகத் தோன்றியது.

காது: 'தி வாட்ச்மேன் சவுண்டட் தி சைரன்' – காவலாளி சங்கு ஊதினார். 'தி இன்ஜின் சவுண்ட்ஸ் ஸ்ட்ரேஞ்ச்' – எஞ்சின் சத்தம் ஒரு மாதிரியாக இருக்கிறது.

இந்தத் தமிழ் வாக்கியங்களைத் திரும்பப் படியுங்கள். ஆங்கிலம் ஒரே வினையை இரு முறையும் பயன்படுத்துகிறது. தமிழோ பிரித்துச் சொல்கிறது. செயல் என்றால் முகர்ந்தார், சுவைத்தார், பிடித்தார், பார்த்தோம். நிலை என்றால் இருந்தது, தோன்றியது, இருக்கிறது. நமக்கு இது பெரிய உதவி. ஐயம் வரும்போது வாக்கியத்தை இயல்பான தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இரு', 'தோன்று', 'ஆகு' என்னும் வினைகளுள் ஒன்று தானாக வந்து நின்றால், அது பெரும்பாலும் இணைப்பு வினையாக இருக்கும்.

இங்கே அறிவியல் மாணவர் ஒருவர் மறுப்புச் சொல்லலாம். "மீன் இறந்த பிறகு நுண்ணுயிரிகள் அதன் உடலில் டிரைமெத்தில் அமீன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அந்த மூலக்கூறுகள் காற்றில் பரவி மூக்கை அடைகின்றன. அப்படியானால் மீனிலிருந்து ஏதோ நிகழத்தானே செய்கிறது?" நல்ல கேள்வி. நிகழ்வது உண்மை; ஆனால் அந்த வாக்கியம் அதைக் கூறவில்லை. இலக்கணம் உலகத்தை வகைப்படுத்துவதில்லை. வாக்கியம் உலகத்தை எப்படிச் சொல்கிறது என்பதையே வகைப்படுத்துகிறது. 'தி ஃபிஷ் கிவ்ஸ் அவுட் எ ஸ்மெல்' என்று எழுதினால் அப்போது அது செயல் வினை. நிகழ்ச்சி ஒன்றே, சொல்லும் முறை வேறு.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'தி சூப் வாஸ் சால்ட்டி' – பொருள் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆகவே இணைப்பு வினை. 'தி குக் வாஸ் தி சூப்' – சமையல்காரரே சூப் ஆகிவிட்டார்! ஆகவே அது செயல் வினை.

இரண்டாம் சோதனை: வினைக்குப் பின் வரும் சொல் யாரைப் பற்றியது என்று கேளுங்கள். எழுவாயின் தன்மையையோ பெயரையோ சொன்னால் இணைப்பு வினை. செயலைப் பெறும் வேறொரு பொருளையோ, செயல் நடந்த விதத்தையோ இடத்தையோ சொன்னால் செயல் வினை.

முதல் சோதனை சில நேரம் ஏமாற்றும். அப்போது இரண்டாவது கைகொடுக்கும். 'எ ஷிப் அப்பியர்ட் நியர் எண்ணூர்' – எண்ணூர் அருகே ஒரு கப்பல் தென்பட்டது. இங்கே 'வாஸ்' போட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆனால் 'கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது தெரியலாயிற்று' என்ற பொருள் போய்விடும். மேலும், வினைக்குப் பின் வருவது இடம். கப்பலின் தன்மை அன்று. ஆகவே இது செயல் வினை. 'தி ஷிப் அப்பியர்ட் ஸ்மால்' – கப்பல் சிறியதாகத் தோன்றியது – என்பதே இணைப்பு வினை.

மூன்றாம் சோதனை புலன் வினைகளுக்கு மட்டும் உரியது. செயலாக வரும்போது 'இங்' சேர்க்கலாம்: 'தி குக் இஸ் டேஸ்டிங் தி சூப்.' நிலையைச் சொல்லும்போது பொதுவாக 'இங்' சேர்ப்பதில்லை. 'தி ஃபிஷ் இஸ் ஸ்மெல்லிங் பேட்' என்று பலர் எழுதுகிறார்கள். 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்' என்பதே முறை. மாற்றத்தைக் காட்டும் இணைப்பு வினைகளுக்கு இந்தத் தடை இல்லை. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' – இருட்டிக்கொண்டு வருகிறது – என்பது சரியான வாக்கியமே.

'ஆக' செய்யும் குழப்பம்

வினையைப் பிரித்தறியத் தமிழ் நமக்கு உதவியது. அடுத்து வரும் சொல்லில் அதே தமிழ் நம்மை ஏமாற்றிவிடும். எப்படி?

'கடல் அழகாக இருக்கிறது.' 'குழந்தை அழகாகப் பாடுகிறது.' இரண்டிலும் 'அழகாக' என்ற ஒரே வடிவம். முதலாவது கடலின் தன்மை. இரண்டாவது பாடும் விதம். நம் 'ஆக' இரண்டு வேலைகளையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு தனி வடிவங்கள் உண்டு. தன்மைக்கு 'பியூட்டிஃபுல்' என்னும் பெயரடை. விதத்துக்கு 'பியூட்டிஃபுலி' என்னும் வினையடை. கடலுக்கு 'தி சீ லுக்ஸ் பியூட்டிஃபுல்'. குழந்தைக்கு 'தி சைல்ட் சிங்ஸ் பியூட்டிஃபுலி'. 'அழகாக' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு 'தி சீ லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதுவது நம் மாணவர்களிடையே காணப்படும் தவறு. அதன் வேர் இந்த 'ஆக' என்னும் ஒரு சிறு சொல்லில் இருக்கிறது.

விதி இதுதான்: இணைப்பு வினைக்குப் பின் பெயரடை, செயல் வினை நடந்த விதத்தைச் சொல்ல வினையடை.

இரண்டு வடிவமும் சரியாக அமைந்து, பொருள் மட்டும் மாறும் இடங்களும் உண்டு. 'தி டிரைவர் லுக்ட் கேர்ஃபுல்' என்றால், ஓட்டுநரைப் பார்த்தால் கவனமுள்ளவராகத் தெரிந்தார் என்று பொருள். 'தி டிரைவர் லுக்ட் கேர்ஃபுலி' என்றால், ஓட்டுநர் கவனமாகப் பார்த்தார் என்று பொருள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே சாலையைக் கடப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகுமா? பார்வைக்குக் கவனமுள்ளவராகத் தெரிவது வேறு. உண்மையாகவே கவனித்துப் பார்ப்பது வேறு. 'லி' என்ற ஓர் அசை அந்த வேறுபாட்டைச் சுமக்கிறது.

சோதனைக் குறிப்பேட்டில்

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் இவ்விரு வினைகளும் அருகருகே நின்று வேலை செய்கின்றன. நீல நிறமான மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட் படிகத்தைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்குகிறோம். படிகத்திலுள்ள நீர் வெளியேறுகிறது; படிகம் வெள்ளைத் தூளாகிறது. ஆறிய பின் ஒரு துளி நீர் விட்டால் மீண்டும் நீலமாகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

'வி ஹீட்டட் தி கிரிஸ்டல்ஸ். தே டர்ன்ட் ஒயிட்.'

'வி ஆடட் எ டிராப் ஆஃப் வாட்டர். தி பவுடர் பிகேம் ப்ளூ.'

'ஹீட்டட்', 'ஆடட்' என்பவை நாம் செய்தவை, செயல் வினைகள். 'டர்ன்ட்', 'பிகேம்' என்பவை பொருள் அடைந்த நிலையைச் சொல்பவை; இணைப்பு வினைகள். 'செய்முறை', 'காண்பன' என்று குறிப்பேட்டில் இரண்டு பகுதிகள் எழுதுகிறோம் அல்லவா? செய்முறையில் நாம் செய்தவற்றைச் செயல் வினைகள் சொல்கின்றன. காண்பனவற்றில் நிறம், மணம், நிலை ஆகியவற்றைச் சொல்லப் பெரும்பாலும் இணைப்பு வினைகளே முன்வருகின்றன.

எண்ணூரிலிருந்து ஒரு கடிதம்

இந்தப் பிரிவினை தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் செய்தியன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய நேரத்தில் அந்த ஊர் மாணவர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்கோ நாளிதழுக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'தி வாட்டர் இஸ் பிளாக்' – தண்ணீர் கறுப்பாக இருக்கிறது – என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? நிலை தெரிகிறது, அந்த நிலை எதனால் வந்தது என்பது தெரியவில்லை. தண்ணீர் பிறவியிலேயே கறுப்பு என்பதுபோல வாக்கியம் நிற்கிறது. 'ஆயில் கோட்டட் தி போட்ஸ் அண்ட் நெட்ஸ்' – எண்ணெய் படகுகள் மீதும் வலைகள் மீதும் படிந்தது – என்று எழுதும்போது, எது என்ன செய்தது என்பது வெளிப்படுகிறது. காரணத்தையும் பொறுப்பையும் சுட்டும் ஆற்றல் செயல் வினைக்கு உண்டு.

அப்படியானால் இணைப்பு வினை பயனற்றதா? இல்லை. நள்ளிரவில் விழித்தெழுந்த ஒருவர் குழாயைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் உறுதியாகச் சொல்லக்கூடியது, 'தி ஏர் ஸ்மெல்ட் ஷார்ப்' – காற்றில் நெடி கடுமையாக இருந்தது – என்பதே. அம்மோனியா நிறமற்றது, அதைக் கண் காட்டிக்கொடுக்காது, மூக்குதான் காட்டிக்கொடுக்கும். அவருடைய அந்த ஒரு வாக்கியம் நேர்மையான சாட்சி. குழாய் கசிந்தது என்பதை ஆராய்ந்தவர்கள் பின்னர்ச் செயல் வினையால் கூறலாம்.

தான் உணர்ந்ததை இணைப்பு வினையால் சொல்லி, தனக்குத் தெரிந்த காரணத்தைச் செயல் வினையால் சொல்பவரின் கடிதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கே பார்த்தார், எங்கே ஊகித்தார் என்பது அதில் கலங்காமல் இருக்கும். நல்ல அறிவியல் அறிக்கைக்கும் அதுவே இலக்கணம்.

நாளைக் காலை கூடையில் மீன் வாங்கும்போது ஒரு கணம் நின்று நினைத்துப் பாருங்கள். முகர்வது நீங்கள், மணப்பது மீன். அந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

செய்து பாருங்கள்

கீழ்க்காணும் வாக்கியங்களில் வருவது செயல் வினையா, இணைப்பு வினையா?

1. தி மில்க் டர்ன்ட் சவர்.
2. தி டிரைவர் டர்ன்ட் தி லாரி.
3. தி ஸ்கை க்ரூ டார்க்.
4. ஃபார்மர்ஸ் க்ரோ பேடி நியர் பொன்னேரி.
5. தி க்ளார்க் லுக்ட் அட் தி டிக்கெட்.
6. தி க்ளார்க் லுக்ட் டயர்ட்.
7. தி சில்ரன் ஆர் ஃப்ளையிங் கைட்ஸ்.
8. தி ஓல்ட் ஸ்டேஷன் ரிமெய்ன்ஸ் ஸ்ட்ராங்.

விடைகள்: 1, 3, 6, 8 – இணைப்பு வினைகள். 2, 4, 5, 7 – செயல் வினைகள். ஏழாவதில் 'ஆர்' துணை வினையாக வந்துள்ளது.